டீச்சரைக் கேளுங்கள்: ஒப்புக்குச் சப்பாணிக்குப் பேச்சு வரும்!

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "மொழி கற்க பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புவதற்கு முன்னால் தெருவுக்கு அனுப்பிப் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் "எப்படி?" என்கிறார்கள், மீதிப் பேர் "தெருவா!" என்கிறார்கள். கையெழுத்து, கணக்கு, காலையில் சாப்பிட அடம் பிடிப்பது எல்லாவற்றையும் அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பெங்களூருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. மகனுக்கு ஐந்தரை வயது. அபார்ட்மென்ட்டில் சாயங்காலம் பிள்ளைகளோடு ஓடுகிறான், ஆனால் வாயைத் திறப்பதே இல்லை. அவர்கள் கன்னடமும் இந்தியும் கலந்து பேசுகிறார்கள். பள்ளியிலும் மௌனம்தான். வீட்டுக்கு வந்தால் தமிழில் வாய் ஓயாது. அவன் ஒப்புக்குச் சப்பாணியாக அவர்கள் பின்னால் ஓடுவதைப் பால்கனியிலிருந்து பார்த்தால் அழுகை வருகிறது. கன்னடத்துக்கு டியூஷன் வைக்கலாமா?
— ஒரு தாய், பெங்களூரு

வேதனையில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பதிலும் நீங்கள் எழுதிய அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

ஒப்புக்குச் சப்பாணி என்றால் யார்? ஆட்டத்தில் இருப்பான், கணக்கில் இருக்கமாட்டான். பிடித்தாலும் அவுட் இல்லை. தப்பாக ஓடினாலும் யாரும் திட்டமாட்டார்கள். பெரிய பிள்ளைகள் தங்கள் தம்பி தங்கைகளை விட்டுவிட்டு விளையாட முடியாதபோது கண்டுபிடித்த ஏற்பாடு அது. (சப்பாணி என்ற சொல் எனக்கும் உறுத்தல்தான். வேறு சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன்.) வேடிக்கை என்னவென்றால், இந்தப் பதவி நம் ஊரில் மட்டும் இல்லை. தெலுங்குப் பிள்ளைகள் 'ஆட்டலோ அரட்டிப்பண்டு' என்பார்கள், ஆட்டத்தில் வாழைப்பழம். கன்னடத்தில் 'ஆட்டக்குண்டு, லெக்கக்கில்லா', ஆட்டத்துக்கு உண்டு, கணக்குக்கு இல்லை. இந்தியில் 'கச்சா நிம்பு', காய் எலுமிச்சை. மராட்டியில் 'லிம்பூ டிம்பூ'. வங்காளத்தில் 'துத் பாத்', பால்சோறு. பெரியவர்கள் யாரும் உட்கார்ந்து சட்டம் போடவில்லை. எல்லா ஊர்ப் பிள்ளைகளும் தாங்களாகவே இந்த இடத்தைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

மொழி தெரியாத குழந்தைக்கு இதைவிட நல்ல நாற்காலி கிடையாது என்பேன். தப்புக்குத் தண்டனை இல்லை, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எல்லாம் காதில் விழுகிறது. ஒரு சொல் எந்த நேரத்தில், எந்த ஓட்டத்தில், யார் முகம் எப்படி இருக்கும்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். உங்கள் பையன் சும்மா ஓடவில்லை, கேட்டுக்கொண்டு ஓடுகிறான்.

1970களில் கலிஃபோர்னியாவில் லிலி வாங் ஃபில்மோர் என்ற மொழியியலாளர் ஒரு வேலை செய்தார். ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த, ஐந்திலிருந்து ஏழு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஜோடியாக ஆங்கிலம் பேசும் ஒரு பிள்ளை. அவர்களை விளையாட விட்டு ஒரு பள்ளியாண்டு முழுக்கக் கவனித்தார். பாடம் எதுவும் நடத்தவில்லை. பிள்ளைகள் செய்ததாக அவர் எழுதியதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: புரியாவிட்டாலும் புரிந்த மாதிரி கூட்டத்தில் கலந்துகொள். கைவசம் உள்ள நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு பேசத் தெரிந்தவன் மாதிரி காட்டிக்கொள். மீதியைச் சிநேகிதன் பார்த்துக்கொள்வான். இதில் உங்கள் பையன் முதல் படியில் இருக்கிறான், அவ்வளவுதான்.

அந்த நாலு வார்த்தை என்ன என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். 'ஆப்பிள்', 'பூனை' எல்லாம் இல்லை. "லெம்மீ ஸீ", "வெயிட் எ மினிட்" மாதிரி ஆட்டத்துக்குத் தேவையான முழுத் துண்டுகள். அந்த ஐவரில் ஒரு சிறுமி "ஹவ் டு யூ டூ தீஸ்?" என்பதை ஒரே சொல்லாக விழுங்கி வைத்திருந்தாள். எதற்கெடுத்தாலும் அதுதான். பிறகு அதன் வாலில் வேறு சொற்களை ஒட்டினாள். பிறகு நடுவில் உடைத்து, "ஹவ் டு யூ"வை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினாள். இலக்கணம் அப்படித்தான் வந்தது, முழுசாக விழுங்கி, மெதுவாக மென்று. ஐவரில் அவள்தான் வெகுதூரம் முன்னால் போனாள். காரணம் புத்தி மட்டும் இல்லை. அந்தப் பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ள அவளுக்கு அவ்வளவு ஆசை.

நம் பிள்ளைகளும் இதைத்தானே செய்கிறார்கள்? ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்துப் பேசத் தெரியாத கிராமத்துப் பிள்ளை "கலர் கலர் வாட் கலர்" என்று ராகம் போட்டுக் கத்தும். "இங்கி பிங்கி பாங்கி" என்று ஆள் பிரிக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டிருப்போமா? விளையாட்டில் பொருள் தெரியாத சொல்லைச் சொல்வது யாருக்குமே வெட்கமில்லை. புதிதாக வந்தவனும் அந்தக் கூச்சலுக்குள் தைரியமாக வாயைத் திறக்கலாம். வகுப்பறையில் அந்த வசதி இல்லை.

டியூஷன் இப்போது வேண்டாம். செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பத்துப் பிள்ளைகள் கூட்டத்தில் பேச்சு வேகமாகப் போய்விடும். அதில் ஒரே ஒரு பிள்ளையை, கன்னடம் பேசும் பிள்ளையாகப் பார்த்து, சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். நான்கு தோசை, ஒரு பந்து, போதும். நீங்கள் நடுவில் உட்கார்ந்து "சொல்லு கண்ணா, கன்னடத்துல சொல்லு" என்று மட்டும் கெடுக்காதீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன்: ஓடு, நில்லு, கொடு, கல்லு, மண்ணு, இவையெல்லாம் கன்னடத்திலும் அவையேதான். உங்கள் பையன் ஒரு மூட்டை கன்னடத்தோடுதான் பாளையங்கோட்டையிலிருந்து ரயில் ஏறியிருக்கிறான்.

ஒரு எச்சரிக்கை. புது ஊரில் சில மாதம் மௌனம் சகஜம். ஆனால் இன்னும் மாதக்கணக்கில் நீண்டால், விளையாட்டிலிருந்தும் ஒதுங்கினால், கூப்பிட்டால் திரும்பாமல் போனால், குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காதையும் சோதித்துவிடுங்கள். வீட்டில் தமிழ் ஓயவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்குப் பயம் இல்லை.

அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்பது பேர், பெரும்பாலும் ஒடிசா, பீகார். ஒன்றாகவே உட்கார்கிறார்கள், தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொள்கிறார்கள். பிரித்து உட்கார வைக்கலாமா? தமிழ் வர வேறு என்ன வழி?
— ஓர் ஆசிரியை, திருப்பூர்

உங்களுக்கு நான் புத்தி சொல்வதைவிட, என் அசட்டுத்தனத்தைச் சொல்கிறேன்.

நான் திருவையாற்றுப் பக்கம். 1986இல் வேலை கிடைத்து ஓசூர்ப் பக்கம் வந்தேன். அப்போது தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004இல். பேரிகை அருகே ஒரு கிராமத்தில் ஒன்றியப் பள்ளி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் மட்டும் தமிழ் என்று வாழும் பிள்ளைகள். எனக்குத் தெலுங்கு ஒரு அட்சரம் தெரியாது. ஒரு பொடியன் என் முன்னால் நின்று "நா வந்து, நா வந்து" என்று குதித்தான். "வந்து? வந்து என்னடா, சொல்லி முடி" என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். 'வந்து' என்றால் தெலுங்கில் முறை. "என் முறை, என் முறை" என்று அவன் கத்திக்கொண்டிருக்கிறான், நான் வாக்கியம் முடியட்டும் என்று நிற்கிறேன். நான் கற்ற முதல் தெலுங்கு அது. அவன் முறையும் போய்விட்டது, பாவம்.

இவ்வளவு அனுபவப்பட்டும் 2006இல் ஒரு தப்பு செய்தேன். அப்போது பாகலூர்ப் பக்கம் வேறு பள்ளி. கிரானைட் குவாரி வேலைக்கு வந்த ஒடியாக் குடும்பத்துப் பெண், ஏழு வயது. தனியாக நிற்கிறாளே என்று இடைவேளையில்கூட வெளியே விடாமல் என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, படம் ஒட்டிய அட்டைகளைக் காட்டி, "இது மரம், இது மாடு" என்று ஒன்றரை மாதம் பாடுபட்டேன். அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் "யெஸ் டீச்சர்". பிறகு வட்டார வள மையத்தில் எனக்குப் பத்து நாள் பயிற்சி. திரும்பி வருகிறேன், வேப்பமரத்தடியில் அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இன்னொருத்தியிடம், "ஏய், நீ அவுட்டுடி! கள்ளாட்டம் ஆடாத!" என்கிறாள். சுத்தமான தமிழ்! என் ஒன்றரை மாத அட்டைக்கு ஒரு 'மரம்'கூட வரவில்லை, பத்து நாள் நொண்டிக்குக் 'கள்ளாட்டம்' வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய இடம். உள்ளுக்குள் கொஞ்சம் எரிந்தது, பொய் சொல்வானேன்.

ஆகவே, வகுப்பில் அவர்களைப் பிரிக்காதீர்கள். புரியாத பாட்டு ஐந்து மணி நேரம் காதில் விழும்போது பக்கத்தில் சொந்த மொழி பேசும் ஒரு தோள் வேண்டும். கொஞ்சம் தமிழ் பிடித்த பிள்ளை மற்றவனுக்குக் காதில் சொல்லிக் கொடுக்கும், அதை 'பேசாதே' என்று அடக்கிவிடாதீர்கள். பிரிக்க வேண்டியது மைதானத்தில். ஒன்பது பேர் ஒன்றாக ஆடினால் அவர்களுக்குத் தமிழே தேவைப்படாது. ஒன்பது பேரும் நாலு அணியில் இருந்தால் தேவைப்படும்.

எந்த ஆட்டம் என்பது முக்கியம். கபடியில் ஓட்டம் அதிகம், பேச்சுக் குறைவு. எனக்குக் கைகொடுத்தது கல்லா மண்ணா. பிடிப்பவனிடம் "கல்லா, மண்ணா?" என்று கேட்பார்கள். அவன் மண் கேட்டால் மற்றவர்களுக்குக் கல் மேல்தான் பாதுகாப்பு, மண்ணில் கால் வைத்தால் பிடிபடுவார்கள். கல் என்றால் என்ன, மண் என்றால் என்ன என்று ஒருவரும் மொழிபெயர்க்க வேண்டாம். தப்பான இடத்தில் நின்றால் முதுகில் அடி விழும், இரண்டாம் தடவை தப்பாது. அடுத்தது பறவை ஆட்டம்: "காக்கா பற பற, குருவி பற பற, எருமை பற பற". எருமைக்குக் கையைத் தூக்கியவன் அவுட். முதல் வாரம் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். தூக்கட்டும். மூன்றாம் வாரம் அவர்களையே சொல்ல விடுங்கள். ஒரு நாள் அந்தப் பிள்ளைகளின் மொழியிலும் ஆடுங்கள். நம் பிள்ளைகள் ஒப்புக்குச் சப்பாணி ஆகட்டும், நீங்களும்தான். இப்போது காலை உணவு வரிசை வேறு இருக்கிறது. "இன்னும் கொஞ்சம்", "போதும்க்கா", "சாம்பார் வேணாம்" மூன்றும் பொங்கல் தட்டோடு வந்துவிடும்.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள். பிள்ளைகளிடம் கற்ற மொழி பிள்ளைகளின் மொழியாகத்தான் வரும். ஜார்க்கண்டிலிருந்து ரோஜாப் பண்ணைக்கு வேலைக்கு வந்தவர்களின் மகன் ஒருவன். "எனக்குக் கொடுடா" என்பதை "எனக்கூடா" என்று ஒரே சொல்லாகப் பிடித்து வைத்திருந்தான். பிறகு "எனக்குப் பந்து கொடுடா" ஆயிற்று, பிறகு "அவனுக்குக் கொடுடா". என் கண் முன்னாலேயே வாக்கியம் பிரிந்து பிரிந்து வளர்ந்தது. ஒரு நாள் என்னிடம் வந்து மிகுந்த மரியாதையோடு, கையைக் கட்டிக்கொண்டு, "டீச்சர், சாக்பீஸ் கொடுடா" என்றான். வகுப்பே உறைந்து போயிற்று. கொடுத்தேன். 'ங்க' போடுவதைச் சொல்லித் தருவது நம் வேலை, அதற்கு அவசரம் இல்லை.

எங்கள் குழந்தைக்கு இரண்டு வயது. ஆங்கிலக் கார்ட்டூன் போட்டுவிட்டால் ஆங்கிலம் தானாக வரும் என்று சொல்கிறார்களே?
— வாசகர், சேலம்

அமெரிக்காவில் சியாட்டிலில் பட்ரீஷியா குல் என்பவரின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஒன்பது மாதக் குழந்தைகள், வீட்டில் ஆங்கிலம். ஒரு பிரிவோடு சீனமொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து பொம்மை காட்டி, புத்தகம் படித்து, பன்னிரண்டு தடவை விளையாடினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, டிவி திரையில். நேரில் விளையாடிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. திரையைப் பார்த்தவற்றுக்கு ஒன்றும் ஒட்டவில்லை.

அதே ஆய்வகம் 2018இல் இன்னொன்று வெளியிட்டது. தொட்டால் வீடியோ ஓடும் திரையைக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள், சிலருக்குத் தனியாக, சிலருக்குப் பக்கத்தில் இன்னொரு குழந்தையோடு. ஜோடியாக இருந்த குழந்தைகளிடம்தான் கற்றலின் அடையாளம் தெரிந்தது. அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கும் ஒன்பது மாதக் கைக்குழந்தைகள் என்பதை மறந்துவிடாதீர்கள்! டிவியை விட்டுவிட்டு எதிர்வீட்டுக் குழந்தையைத் தேடுங்கள்.

தெருவில் தெலுங்குப் பிள்ளைகளோடு விளையாடி என் மகள் முதலில் கற்றது கெட்ட வார்த்தை. இதுதான் நீங்கள் சொன்ன தெருப் படிப்பா?
— கோபத்துடன் ஒரு தந்தை, சென்னை

ஆமாம், இதுதான். ஒரு சொல்லைச் சொன்னதும் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தால் பிள்ளை அதைத்தான் முதலில் பிடிக்கும். நீங்களும் திரும்பிப் பார்க்காதீர்கள், கீரைக்காரம்மா விலை சொன்ன மாதிரி கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் ருசி போய்விடும். அதற்குள் என்ன அர்த்தம் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறீர்கள் பாருங்கள், அதை நான் கேட்கவில்லை.

பேரன் எட்டு வயது, பேத்தி ஆறு. ஜெர்மனியில் இருக்கிறார்கள். முன்பு எங்களோடு தமிழில் கதை கதையாகப் பேசுவார்கள். இப்போது அண்ணனும் தங்கையும் தங்களுக்குள்ளேயே ஜெர்மன்தான். போனில் "நல்லா இருக்கேன் தாத்தா" என்பதோடு சரி. என் மருமகள் தமிழில் பேசாமல் இல்லை. இந்தக் கோடையில் நாற்பது நாள் வருகிறார்கள். தமிழ் வாத்தியார் ஒருவரை ஏற்பாடு செய்யட்டுமா?
— ஒரு தாத்தா, காரைக்குடி

ஐயா, மருமகளைக் குறை சொல்லாமல் எழுதியிருக்கிறீர்கள், அதற்கே ஒரு வணக்கம்.

உங்களுக்கு ஒரு பழைய கதை. ராபின்ஸ் பர்லிங் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1954இல் குடும்பத்தோடு காரோ மலைக்கு வந்து தங்கினார். இப்போது மேகாலயாவில் இருக்கிறது, அப்போது அசாம். மகனுக்கு ஒன்றே கால் வயது தாண்டியிருந்தது. பார்த்துக்கொண்ட பெண், சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் எல்லாம் காரோ பேச, பிள்ளைக்கு ஆங்கிலத்தைவிடக் காரோ மொழியே முந்திக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் கழித்துக் கிளம்பினார்கள். வழியில் பார்க்கும் இந்தியர்களிடமெல்லாம் அந்தப் பிள்ளை காரோவில் பேசிப் பார்த்திருக்கிறான், யாருக்கும் புரியவில்லை. அமெரிக்கா போகும் விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு மலாய்ப் பையன். முகச்சாயல் காரோக்காரர்கள் மாதிரி. நம்ம ஆள் என்று நினைத்து, வாரக்கணக்கில் அடைத்துவைத்த காரோவையெல்லாம் மடை திறந்த மாதிரி கொட்டியிருக்கிறான். அவன் நிறையக் காரோ பேசியது அதுவே கடைசி. ஆறு மாதத்தில் உடல் உறுப்புகளின் பெயருக்கே தடுமாற ஆரம்பித்துவிட்டான். தந்தையே 1959இல் இதையெல்லாம் எழுதி வைத்தார்.

எனக்கு அந்த விமானம் அடிக்கடி ஞாபகம் வரும். பிள்ளைக்கு மொழியைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. பேச ஆள் இருந்தால் பேசும், இல்லாவிட்டால் இறக்கி வைத்துவிடும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஜெர்மனியில் பள்ளி, பந்து, சண்டை, ரகசியம் எல்லாம் ஜெர்மனில். தமிழில் இருப்பது "சாப்பிட்டியா", "ஹோம்வொர்க் முடிச்சியா", "தாத்தாவுக்கு ஹலோ சொல்லு". அதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் பேச முடியும்?

வாத்தியாரைக் கூப்பிடாதீர்கள். நாற்பது நாளில் பத்து நாள் கோயில், பத்து நாள் சொந்தக்காரர் வீடு, மீதி நாள் வாத்தியார் என்றால் தமிழ் தண்டனையாகிவிடும். பதிலாக அந்த வயதில் இருக்கும் பங்காளி வீட்டுப் பிள்ளைகளை, இங்கிலீஷில் பேசிக் காட்டத் துடிக்காத பிள்ளைகளாகப் பார்த்து, வீட்டில் தங்க வைத்துவிடுங்கள். உங்கள் ஊர் வீடுகளில் வளவு என்கிற உள்முற்றம் இருக்கிறது, ஒளிந்து விளையாட அதைவிட இடம் ஏது? முக்கியமாக, அண்ணனையும் தங்கையையும் எதிரெதிர்க் கட்சியில் போடுங்கள். ஒரே கட்சியில் இருந்தால் ஜெர்மனில் திட்டம் போட்டு ஜெயித்துவிடுவார்கள். தாயக்கட்டை, பல்லாங்குழி எடுத்து வையுங்கள். "தாயம் போட்டாச்சு", "வெட்டிட்டேன்", "இது என் காய்" என்று ஆட்டமே பேச வைக்கும். தப்பாகப் பேசினால் திருத்தாதீர்கள், ஆட்டத்தில் ஏமாற்றினால் மட்டும் திருத்துங்கள்.

அவர்கள் திரும்பிப் போன பிறகு போனில் நீங்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி, பெயர் ஊர் பூ காய் ஆடட்டும். 'மு'வில் ஊர் கேட்டு பேரன் 'முன்சென்' என்பான். அங்கே மியூனிக்கை அப்படித்தான் சொல்வார்கள். கொடுத்துவிடச் சொல்லுங்கள், பத்து மார்க்.

எனக்கு முப்பத்து நாலு வயது. ஓசூரில் வேலை. ஒரு வருடமாகியும் தெலுங்கும் வரவில்லை, கன்னடமும் வரவில்லை. வீட்டில் நாலு வயது மகன் பிய்த்து உதறுகிறான். வயதாகிவிட்டால் மொழி வராது என்பது சரிதானா?
— எங்கள் ஊர்க்காரர் ஒருவர்

சரியில்லை. நெதர்லாந்தில் குடியேறிய ஆங்கிலக் குடும்பங்களை ஸ்னோ, ஹூஃப்நாகல் என்ற இருவர் ஓராண்டு தொடர்ந்து சோதித்து 1978இல் எழுதினார்கள். ஆரம்ப மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகள், பெரியவர்களும் மோசமில்லை. மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குட்டிகள்தான் மெதுவாக வந்தார்கள். சிறுசுகளுக்குச் சாதகம் வேறு: உச்சரிப்பு, அப்புறம் நேரம். நாலு வயதுக்காரனுக்கு நாலே சொல் தெரிந்தால் தெருவில் கௌரவமாக வாழலாம், உங்களுக்கு வங்கியில் பேச வேண்டும். உங்கள் மகன் ஒரு நாளில் மூன்று மணி நேரம் தெலுங்கில் ஓடுகிறான். நீங்கள் சாயங்காலம் மூன்று மணி நேரம் யாரோடு எந்த மொழியில் இருக்கிறீர்கள்? பக்கத்துத் தெருவில் ஷட்டில் ஆடுகிறார்கள். மட்டையை எடுத்துக்கொண்டு போய் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேருங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. இடைவேளையில் பிள்ளைகள் கையாலேயே அவ்வளவு வேகமாகப் பேசிக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். இதையெல்லாம் வகுப்பில்தான் சொல்லித் தருகிறார்களா?
— வாசகி, திருச்சி

உங்கள் பக்கத்துப் பள்ளியில் எப்படி என்பதை உள்ளே போய்க் கேட்டுவிட்டு எனக்கும் எழுதுங்கள். ஆனால் நீங்கள் பார்த்த காட்சி உலகத்தில் ஒரு இடத்தில் புது மொழியையே பெற்றெடுத்திருக்கிறது.

மத்திய அமெரிக்காவில் நிகராகுவா. 1977இல் தலைநகர் மனாகுவாவில் ஒரு சிறப்புப் பள்ளி, 1980இல் இன்னொரு தொழிற்பள்ளி. அதுவரை காது கேளாத பிள்ளைகள் பெரும்பாலும் அவரவர் வீட்டில், வீட்டுக்கு மட்டும் புரியும் ஜாடையோடு தனித்தனியாக இருந்தவர்கள். 1983க்குள் இரண்டு பள்ளிகளிலும் நானூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தது ஸ்பானிஷ், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பாடம். அது ஏறவில்லை. ஆனால் முற்றத்திலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் ஜாடைகளைக் கலந்து ஏதோ பேச ஆரம்பித்தார்கள். ஆசிரியர்களுக்குப் புரியவில்லை. 1986இல் ஜூடி கெகல் என்ற மொழியியலாளரை வரவழைத்துக் காட்டினார்கள்.

அழகு அடுத்த கட்டத்தில். பெரிய பிள்ளைகள் தொடங்கிய ஜாடையைப் பின்னால் சேர்ந்த சின்னப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு இலக்கணம் உள்ள மொழியாக்கிவிட்டார்கள். ஒரு பொருள் உருண்டு கீழே இறங்குகிறது என்று வையுங்கள். மூத்தவர்கள் கையைச் சுழற்றிக்கொண்டே இறக்குவார்கள், நாம் சும்மா ஜாடை காட்டுகிற மாதிரி. இளையவர்கள் 'உருளல்' தனி, 'இறங்கல்' தனி என்று இரண்டாகப் பிரித்து, அடுத்தடுத்து வைத்தார்கள். ஆன் செங்காஸ் குழுவினர் 2004இல் இதைக் காட்டினார்கள். படம் காட்டுவதை விட்டுவிட்டுச் சொல் சேர்க்க ஆரம்பித்த இடம் அது. என் ஜார்க்கண்ட் பையன் "எனக்கூடா"வைப் பிரித்தானே, அதே வேலை. அவனுக்குப் பிரிப்பதற்கு ஒரு தமிழ் ஏற்கெனவே இருந்தது, இவர்களுக்கு எதுவுமே இல்லை.

டீச்சர் வணக்கம். நான் அஞ்சாம் வகுப்பு படிக்கிறேன். எங்க தெருவுல புதுசா ஒரு பையன் வந்திருக்கான். அவங்க அப்பா வாட்ச்மேன், ஊர் நேபாளம். அவனுக்குத் தமிழ் தெரியாது. நாங்க திருடன் போலீஸ் விளையாடும்போது வாசல் கேட் பக்கத்துலயே நின்னு பாக்குறான். எப்படிச் சேத்துக்கிறது?
— மாணவன், கிருஷ்ணகிரி

கண்ணு, இந்த மாசம் வந்த கடுதாசியிலயே உன்னுதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

திருடன் போலீஸ் இப்ப வேணாம். அதுல பேச்சு ஜாஸ்தி, அவன் முழிப்பான். உங்கிட்ட கிட்டிப்புள் இருக்கா? இல்லைன்னா வேப்பங்குச்சியில செதுக்கித் தரச் சொல்லு. அவங்க ஊர்லயும் அந்த ஆட்டம் இருக்கு, பேரு 'டண்டி பியோ'. நீ கேட் பக்கத்துல போய் ஒண்ணும் பேசாத, ரெண்டு குச்சியையும் காட்டு. அவனே வருவான். உன்னைவிட நல்லா அடிச்சாலும் அடிப்பான், அப்ப அழுகுணி ஆட்டம் ஆடக்கூடாது. எவ்வளவு தூரம்னு அளக்கும்போது அவன் 'ஏக், துயி, தீன்'னு எண்ணுவான், நீ ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணு. கணக்கு ஒத்துவரலைன்னா சண்டை போட்டுக்கங்க, பரவாயில்லை.

புள்ளு கண்ணுல பட்டுடாம பாத்துக்கோ. சின்னப் பிள்ளைங்களை எதிர்ல நிக்க விடாத.